தேசக்கா குடித்த பவுடர்

மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு டாக்டரின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. விற்ற மருந்து கடைசியில் யார் வயிற்றுக்குள் போகிறது என்பதையும் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

எனக்கு ஊர் திருப்பாலைவனம். கடை பழவேற்காடு கடைவீதியில். உங்களில் யாராவது கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவராக இருந்தால் என் பாடு புரியும். "அன்னிக்கிக் குடுத்தியே, அந்த வெள்ள மாத்திர" என்று வந்து நிற்பார்கள். கடையில் இருக்கும் மாத்திரைகளில் பாதி வெள்ளை. எது என்று கேட்டால், "இன்னா, உனக்கே தெரியாதா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். இப்படி எத்தனையோ பேர். ஆனால் இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒருவரைப் பற்றி.

சட்டை இல்லாத ஆள்

ஏரிக்கரைக் குப்பத்துத் தேசம்மா மீன் வியாபாரி. நான் தேசக்கா என்பேன். என் கடைக்கு மூன்று படி. அந்த மூன்றையும் அவரால் ஏற முடியாது. ரோட்டிலிருந்தே குரல் கொடுப்பார். நான் இறங்கிப் போய் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் முட்டி மூட்டு வலிக்குத் தடவும் மருந்தும் கொடுத்துவிட்டு வருவேன். அப்போது நூற்று இருபத்தெட்டு கிலோ. ஷேர் ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

ஒரு மாதம் போல ஆளையே காணவில்லை. பிறகு ஒருநாள், ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி உள்ளேயே வந்துவிட்டார். கவுன்டரில் சாய்ந்து, ரகசியம் சொல்வதுபோல் சொன்னார். சென்னையில் இரைப்பையைக் குறைக்கும் ஆபரேஷன். வாழைப்பழம் அளவுக்குத்தான் மிச்சம் வைத்திருக்கிறார்களாம். "குப்பத்துல கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லி வெச்சிக்கீறோம். நீ வாயத் தொறக்காத." சீட்டை வாங்கிப் பார்த்தேன். புரோட்டீன் பவுடர், இரும்பு, கால்சியம், பி-12, மல்டிவிட்டமின். சாப்பாடே நாலு ஸ்பூன்தான் இறங்கும் என்பதால், உடம்புக்கு வேண்டியதைப் பவுடராகவும் மாத்திரையாகவும் உள்ளே அனுப்பியாக வேண்டும்.

என் கடையில் இருந்த புரோட்டீன் டப்பா ஒரே வகைதான். பொன்னேரி ஜிம்முக்குப் போகும் பையன்கள் கேட்கிறார்கள் என்று வாங்கிவைத்தது, வெண்ணிலா வாசனை. ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகருக்கு போன் போட்டு, லேபிளை வரிவரியாகப் படித்துக்காட்டி, சர்க்கரை சேர்க்காதது என்று உறுதி செய்துகொண்ட பிறகே எடுத்துக் கொடுத்தேன். டப்பாவின் மேல் இடுப்புக்கு மேலே துணியே இல்லாமல், கையை மடக்கிப் புஜத்தைக் காட்டும் ஓர் ஆள் படம். தேசக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த குட்ச்சா நானும் இவனாட்டம் சட்ட இல்லாமத்தான் நிக்கணுமா தங்கச்சி?"

வீட்டுக்காரரின் கைகள்

டப்பா தீர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது டப்பா வாங்க அவர் வீட்டுக்காரர் ஏழுமலை வந்தார். கடலுக்குப் போகிறவர். ஒல்லியான ஆள் என்றுதான் எனக்கு ஞாபகம். அன்றைக்குப் பார்த்தால் சட்டைக் கையின் தையல் விரிந்து நிற்கிறது.

"அண்ணே, அக்கா ஒழுங்கா குடிக்கிறாங்களா?" என்றேன். "குடிக்குது, குடிக்குது" என்றார். பார்வை என் தலைக்கு மேலே இருந்த இருமல் மருந்து அலமாரியில். நானும் விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன், தண்ணீரிலா பாலிலா, காலையிலா மாலையிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் கணக்காகப் பதில் சொன்னார். குடிக்கிறவரைத் தவிர வேறு யாராலும் அவ்வளவு கணக்காகச் சொல்ல முடியாது. கடைசியில் சிரித்துவிட்டார். தேசக்காவுக்கு அந்த வெண்ணிலா வாசனையே குமட்டுகிறதாம்; கலக்கி வைத்ததை இவர் பக்கம் தள்ளிவிடுவாராம்.

"வீணாப் போவக் கூடாதுன்னுதாம்மா குட்ச்சேன், ஆனா வல இழுக்க ஷோக்காக் கீது."

கவர்மேல் என் கையெழுத்து

இனிமேல் தானே குடிப்பதாகத் தேசக்கா சத்தியம் செய்தார். நம்பினேன். மூன்றாவது மாதம், காலை ஏலத்தில் இறால் கூடையைத் தூக்கப்போனவர் கண் இருட்டி அப்படியே சரிந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பி, ஏழுமலை அவரை நேராக என் கடைக்கு அழைத்து வந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தேசக்கா மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கவுன்டரில் பிரித்தார். உள்ளே கைநிறைய முடி. "சீப்ப வெச்சா இப்டி வருது. பவுடரு முடியத் தின்னுதுன்னு எல்லாம் சொல்றாளுங்கோ."

பையில் இருந்த மாத்திரைக் கவர்களை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னேன். இரும்பு மாத்திரைக் கவரில் "காலை 1". கால்சியம் கவரிலும் "காலை 1". இரண்டும் என் கையெழுத்து. கால்சியத்தோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். இது காலேஜில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கிய பாடம். அன்று கூட்டத்தில், அவசரத்தில், நானே தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் கவரை மாற்றிக்கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த முடி கவுன்டர்மேல் கிடந்தது. சொல்லிவிட்டேன்.

அன்றே சென்னைக்கு அனுப்பி வைத்தேன். ரத்தத்தில் இரும்பு குறைவு, புரோட்டீன் போதவே இல்லை. வேகமாக எடை குறையும்போது முடி கொட்டுவது உண்டு, சத்து சரியாகப் போனால் திரும்ப முளைக்கும் என்று ஆலோசகர் சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் கழித்து என் கடை முன்னால் ஆட்டோ நின்றது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். தேசக்கா படியேறி வந்து, தான் ஒரு மடக்கு குடித்துவிட்டு மீதியை ஏரியில் ஊற்றிய கதையை ஒப்புக்கொண்டார்.

"நீயும் தப்பு பண்ணிக்கின, நானும் பொய் சொல்லிக்கினேன், சரிக்கு சரியாப் போச்சு, இப்ப ஒழுங்கா எழுதிக் குடு."

நண்டு ரசம்

ஒழுங்காக எழுதினேன். இரும்பு காலையில், கால்சியம் மாலையில். பெரிய எழுத்தில். பவுடருக்குத்தான் வழி தெரியவில்லை. சாக்லேட், மாம்பழம் எல்லாம் பார்த்தாயிற்று. இனிப்பு என்றாலே அந்தச் சின்ன இரைப்பை திருப்பி அனுப்பியது. "பொறந்ததுலேர்ந்து உப்பும் காரமும் தின்னவ நானு. என்னப் போயி பாயாசம் குடின்னா?" என்றார். அதுவும் நியாயம்தானே. சென்னை மொத்தக் கடையில் சொல்லி, எந்த வாசனையும் ருசியும் சேர்க்காத பவுடரை வரவழைத்தேன். அதை நண்டு ரசத்தில் கலக்கிக்கொள்ளச் சொன்னேன். ஆலோசகரும் சரி என்றார், காரம் மட்டும் குறைவாக.

முதல் நாள் கொதிக்கிற ரசத்தில் கொட்டிவிட்டார். பால் திரிந்ததுபோல் கட்டி கட்டியாகிவிட்டது. "ரசம் கேட்டா பன்னீரு குடுக்கிற" என்று போனில் சத்தம். விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிட்டு, பவுடரைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னேன். மறுநாள் மதியம் தூக்குச் சட்டியோடு கடைக்கே வந்தார். டம்ளரில் ஊற்றி, முதலில் எனக்கு நீட்டினார். குடித்தேன். நண்டும் பூண்டும்தான் தெரிந்தது; பவுடர் இருந்த சுவடே இல்லை. பிறகு அவர் குடித்தார், வாய் வாயாக, அரை மணி நேரம். வாந்தி இல்லை. அன்றிலிருந்து காலையில் அவித்த கிழங்கான் மீன், மதியம் ரசம், சாயந்திரம் முட்டை வெள்ளைக்கரு என்று ஓர் ஒழுங்கு வந்தது.

"பவுடரு டாக்டரு சொன்னது, ரசம் எங்க கொலம் சொன்னது, ரெண்டும் சண்ட போடாம உள்ள ஒக்காந்துக்கினு கீது பாரு."

இளைக்கிற பவுடர்

ஆறேழு மாதத்தில் தேசக்கா ஆளே மாறிவிட்டார். ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைத்தார். நெற்றியோரம் புதுமுடி குத்திட்டு நின்றது. பிடித்தது எனக்குச் சனியன். குப்பத்துப் பெண்கள் வரிசையாக வந்து, "தேசம்மா குடிக்கிற இளைக்கிற பவுடரு குடு" என்று கேட்டார்கள். அது இளைக்க வைப்பதற்கு இல்லை என்றால் யாரும் நம்பவில்லை. நிஜக் காரணத்தையும் நான் சொல்லக்கூடாது.

அவர்களில் ஒருத்தி மல்லிகா. அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு. மாத்திரை என்னிடம்தான் வாங்குகிறாள். புரோட்டீனை அளந்துதான் சாப்பிட வேண்டும் என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் நாலு பேர் நிற்க, அதையும் நான் உரக்கச் சொல்ல முடியாது. "டாக்டர் சீட்டு இல்லாம உனக்குத் தரமாட்டேன் மல்லிகா" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்கு மட்டும் தருவியா? பொன்னேரியில கெடைக்காதா?" என்று இறங்கப்போனாள். பின்னால் கால்சியம் வாங்க நின்றிருந்த தேசக்கா, நான் சும்மா மறுக்க மாட்டேன் என்று தெரிந்து, அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். சுற்றி யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஏழு மாதமாகப் பொத்தி வைத்திருந்த ரகசியம். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"பவுடர்ல எளைக்கலடி, வயித்த அறுத்துக்கினு எளச்சேன், இது நான் சாவாம இருக்கக் குடிக்கிறது, நீ சாவறதுக்குக் குடிக்காத."

எடை போனது, முட்டி வந்தது

காணும் பொங்கலுக்கு ஏரிக்கரையில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. ஏரிக்கரைக் குப்பத்துக்கு எதிரணி காட்டூர்ப் பெண்கள். நாற்று நட்டு, கட்டு சுமந்து உரமேறிய கைகள். மூன்று வருஷமாக அவர்கள்தான் ஜெயிக்கிறார்கள். தேசக்கா பேர் கொடுத்தபோது குப்பத்திலேயே சிரித்தார்கள். "எட இருந்தப்ப முட்டி இல்ல, முட்டி வந்தப்ப எட இல்ல, இன்னாத்துக்கு நீ?" என்றார்கள். அவர் ஏற்கெனவே டாக்டரைக் கேட்டு, சரி என்று சொல்ல வைத்துவிட்டு வந்திருந்தார். அது அவர்களுக்குத் தெரியாது. மாசக்கணக்காகத் தினமும் மீன் கூடையைத் தானே தூக்கி நடக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். முதல் இழுப்பு காட்டூருக்கு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் கயிறு அசையவே இல்லை. தேசக்கா எல்லோருக்கும் முன்னால் நின்றார், எதிரணித் தலைவியின் முகத்துக்கு நேராக. கால்கள் மணலில் கணுக்கால்வரை புதைந்துவிட்டன. என் பக்கத்தில் ஏழுமலை "இழு தேசம், இழு" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. தேசக்கா ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி. அப்புறம் காட்டூர் வரிசை மொத்தமும் தடதடவென்று கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுந்தது. குப்பமே மணலில் குதித்தது. தேசக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார். என்னைத் தூக்கியது, ஒரு காலத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றிய பெண். அழுகை வந்துவிட்டது எனக்கு. காட்டூர்த் தலைவி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, தேசக்காவின் புஜத்தை அழுத்திப் பார்த்தார்.

"இன்னாக்கா துன்ற நீ, எனக்கும் எழுதிக் குடு!"

மிச்சம் இருப்பது

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆனதும் ரத்த ரிப்போர்ட்டை நேராக என்னிடம் கொண்டு வந்தார். மூன்று படியையும் நிற்காமல் ஏறி வந்தார். எழுபத்தொன்பது கிலோ. இரும்பு சரி, புரோட்டீன் சரி. சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் டாக்டர் நிறுத்தியிருந்தார். மூட்டு மருந்து எப்போதோ நின்றுவிட்டது. சத்து மாத்திரைகளும் பி-12-ம் மட்டும் ஆயுசுக்கும் உண்டு. இத்தனை வருஷம் மாதம் தவறாமல் ஒரு பை நிறைய மருந்து வாங்கியவர், அன்று உள்ளங்கையில் அடங்குவதை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

"எல்லா மாத்திரையும் போயிருந்தா உன்ன வந்து பாக்க இன்னா சாக்கு சொல்வேன், இத்தயாவது டாக்டரு வுட்டு வெச்சாரே!"

வாங்குகிறவர் குணமாகாவிட்டால் பெயர் கெடும், குணமாகிவிட்டால் வியாபாரம் கெடும் என்று தெரிந்தும், வியாபாரம் கெட்ட நாளில் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்த ஒரே வியாபாரி இந்தக் கடைவீதியில் நானாகத்தான் இருப்பேன்.