துரு போட்ட சுழி

போன வாரம் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம்... உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தகடு!

நான் சேலத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். நாமக்கல்லிலிருந்து சின்னுசாமி என்ற லாரிக்காரர் அந்தத் தகட்டோடு லேபுக்கு வந்தார். புது டேங்கர் கட்டியிருக்கிறார். இரும்பை அரிக்கும் கெமிக்கல் ஏற்றப் போகிறார். டேங்க்குக்கு உள்ளே அடித்த அதே பெயின்ட்டை, அதே பெயின்ட்டர் இந்தத் தகட்டிலும் அடித்திருக்கிறார்.

"என்ற தம்பிதானுங்க சார் ஓட்டப் போறான். பெயின்ட்டு தாங்குமான்னு பாத்துச் சொல்லிப்போடுங்க. வெள்ளிக்கெழம மொத லோடு."

தகட்டின் நடுவில் சந்தனம், குங்குமம். துடைத்துவிட்டு, அங்கேயே கண்ணாடிக் குழாயை ஒட்டி உப்புத் தண்ணீர் ஊற்றினேன். மின்சாரத்தை அலை அலையாக அனுப்பி, பெயின்ட் எவ்வளவு மறிக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. பெயின்ட் தண்ணீர் குடித்திருக்கிறதா என்று வேகமான அலை சொல்லும். தண்ணீர் இரும்பைத் தொட்டுவிட்டதா என்று மெதுவான அலை சொல்லும். மெதுவான அலைக்கு ரொம்பப் பொறுமை வேண்டும். எனக்கா? பஸ்ஸுக்குக்கூட ஒழுங்காக நிற்கத் தெரியாதவன் நான்!

மெதுவான அலையில் முதல் நாளே மீட்டர் காட்டிய எண் படுமோசம். மூன்றாம் நாள் இன்னும் கீழே. வேகமான அலையில் மட்டும் எண் அசையவில்லை. அதை யார் கவனித்தது?

வியாழக்கிழமை சின்னுசாமி வந்தார். "பெயின்ட் வீண். எல்லாத்தையும் சுரண்டிட்டு மறுபடி அடிங்க" என்று சொல்லிவிட்டேன். மனுஷர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டேங்க் மொத்தமுமுங்களா?"

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நோட்டைப் புரட்டினேன். அப்போதுதான் உறைத்தது — வேகமான அலையில் எண் அசையவே இல்லையே! அப்படியானால் பெயின்ட் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கோ ஓர் ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இரும்பைத் தொட்டிருக்கிறது. குழாயைப் பிடுங்கினேன். சாம்பல் நிறப் பெயின்ட்டில், துருவே சிவப்பாக ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தது!

"அது பெயின்ட்டர் ஆணியில கீறுனதுங்க சார். சுழி போடாம எந்த வேலையும் அனுப்ப மாட்டாரு."

அதன் மேல்தான் சந்தனம் வைத்திருக்கிறார். துடைத்த நான் கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கம், அவருக்குச் சிரிப்பு. பெயின்ட் அருமை, கிளம்புங்கள் என்றேன். "வாரேனுங்க சார்" என்று வாசலில் செருப்பை மாட்டினார்.

எனக்குள் என்னவோ அரித்தது. "ஏங்க... டேங்க்குக்கு உள்ளேயும் சுழி போட்டாரா?"

"அங்க போடாம இருப்பாருங்களா? மொதல்ல அங்கதானுங்க..." சிரித்துக்கொண்டே சொன்னவர் பாதியில் நிறுத்தினார். மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மீட்டர் பாவம், சரியாகத்தான் சொன்னது. நான்தான் இரண்டு தடவை தப்பாகப் படித்தேன் — முதலில் அவசரத்தில், பிறகு சந்தோஷத்தில். டாக்டர் ரிப்போர்ட்டில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுக் குதிக்கிறோமே, அழுகிறோமே... நாமெல்லாம் ஒரே ஜாதிதான்.

வெள்ளிக்கிழமை லோடு ஏறவில்லை. டேங்க்குக்கு உள்ளே இருந்த கீறலைத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடித்தார்கள். நேற்று புதுத் தகடு வந்தது. சுற்றியிருந்த பேப்பர் மேலே மஞ்சளில் பெரிய சுழி.

பிரிப்பதற்கு முன்பே கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.