மேரியக்கா பார்க்காத டகோட்டா

மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரி. அன்று காலையிலேயே உப்பு சுமக்கும் மேரியக்கா கேட்டுவிட்டார். "ஏம்பா, பழைய டகோட்டா விமானம் ஒண்ணு கண்காட்சிக்கு இந்தப் பக்கமா போவுதாம். பாத்துட்டு வேலை செய்யட்டா?"

சீனப் போர்க்காலத்தில் அப்படியொரு விமானத்தின் திறந்த கதவில் நின்று, மலையிலிருந்த சிப்பாய்களுக்கு அரிசி மூட்டை தள்ளியவர் அவருடைய அப்பா. அக்கா பிறக்கும் முன்பே, ஒருநாள் போன விமானம் திரும்பவில்லை.

வானம் கறுத்திருந்தது. "மழை வந்தா உப்பு கரைஞ்சிடும்க்கா. இந்த ஒரு நடை போட்டுட்டு வந்துடு" என்று நானே கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன்.

அவர் பாதி வரப்பில் போகும்போது தடதடவென்று அது தாழ்வாக வந்தது. தினமும் எத்தனையோ விமானம் போகும், யாரும் பார்ப்பதில்லை. இதற்கு எல்லாரும் செல்போனோடு ஓடினார்கள். நானும் வாய் பிளந்து நின்றேன். ஈர உப்புச் சுமையோடு அக்காவால் மட்டும் தலையை நிமிர்த்த முடியவில்லை. இறக்கிவிடப் பக்கத்தில் ஆளும் இல்லை.

கொட்டிவிட்டு வந்தவர் கோபப்படவில்லை. "கதவு எந்தப் பக்கம்பா இருந்துச்சு?" என்றார்.

நான் கதவைக் கவனிக்கவே இல்லை. "நம்ம பக்கம்தான்க்கா" என்றேன்.

"அப்போ எங்கப்பா நம்மளப் பாத்த மாதிரிதான்" என்று சிரித்தார்.

உண்மையில் எந்தப் பக்கம் என்று இதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. பயமாக இருக்கிறது.