சோற்றுக்கு அடியில் நீலப் பம்பு

அவசரப் பிரிவின் தாழ்வாரத்தில் அன்று நானும் மேரி அக்காவும் இருந்தோம். அம்மா உள்ளே, ஆக்சிஜன் முகமூடி மாட்டிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்பா இல்லை, லோடு ஏற்ற சூளூர்ப்பேட்டைப் பக்கம் போயிருந்தார். அம்மாவை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் இல்லை. கம்பெனியிலிருந்தும் யாரும் வரவில்லை. அம்மாவோடு ஒரே மெஷினில் நிற்கும் மேரி அக்காதான் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் கம்பெனி அது. அம்மா மூட்டையைப் பிரித்து மெஷினில் கொட்டுவார். இருமல் வந்தபோது தூசு என்றோம். இளைப்பு வந்தபோது பனி என்றோம். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அரசு மருத்துவமனையில் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த பிறகுதான் (மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டும் சோதனை) ஆஸ்துமா என்றார்கள்.

இரண்டு பம்பு (இன்ஹேலர்) கொடுத்தார்கள். ஒன்று தடுப்பு மருந்து. நன்றாக இருக்கும் நாளிலும் காலை, இரவு இழுக்க வேண்டும். மற்றது நீலம், மூச்சு முட்டினால் உடனே இழுப்பது. நீலம் எப்போதும் கையோடு இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கம்பெனி கேட்டில் போன், தீப்பெட்டி, ஸ்ப்ரே எதையும் உள்ளே விடுவதில்லை. ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பம்பும் ஸ்ப்ரேதான் என்றாராம் செக்யூரிட்டி. டாக்டர் சீட்டைக் காட்டலாம். காட்டினால் காண்ட்ராக்டருக்கு விஷயம் போகும்; மறுநாள் அந்த மெஷினில் வேறு ஆள் நிற்பார். அம்மா இதை வீட்டில் சொல்லவே இல்லை.

அன்று அவசரப் பிரிவில், மருந்து கையில் இருந்தும் ஏன் இவ்வளவு முற்றியது என்று டாக்டர் கேட்டார். மேரி அக்கா பையிலிருந்து நீலப் பம்பை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதை உள்ளங்கையில் தட்டியதும், வாய் வைக்கும் பக்கத்திலிருந்து காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று விழுந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"டிபன் கேரியர்ல, டாக்டர். அடித்தட்டுல கவர் சுத்தி வெச்சிக்கினு போவும். கேட்ல எவன் சோத்தக் கிளறிப் பாக்கப்போறான்?"

டாக்டர் திட்டவில்லை. சூட்டில் வைத்தால் மருந்து கெடும் என்றார். வேறு பம்பும் ஸ்பேசரும் (மருந்து தொண்டையிலேயே தங்கிவிடாமல் நுரையீரலுக்குப் போக உதவும் பிளாஸ்டிக் கூடு) கொடுத்தார். பம்பு பழகிப்போய்விடுமோ என்று கேட்டேன். பழகாது, நிறுத்தினால்தான் ஆபத்து என்றார். இதே பயத்தோடு இதைப் படிப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கம்பெனிக்குப் போய்ப் பேசுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பேசினால் கேட்பார்கள் என்று நம்பினேன். அம்மாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

"இன்னா நைனா, நீ பேசினா உனக்கு மரியாத. எனக்கு வேல பூடும்."

அடுத்த நாள் பாத்ரூமுக்கு நடந்து திரும்பியவர் வழியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவராகவே சொன்னார்: "போய்ட்டு வா. கெஞ்சிக்கினு மட்டும் நிக்காத."

கம்பெனியில் மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். அவர் மேஜையில், பேனாக்களுக்குப் பக்கத்தில், அதே நீலப் பம்பு இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

"சார், இத கேட்ல வைக்கலையா?"

"சின்ன வயசுலேர்ந்து இருக்குப்பா. இது இல்லாம நான் பாத்ரூம் கூடப் போறதில்ல…"

சொல்லி முடித்துவிட்டு அந்தப் பம்பைப் பார்த்தார். பிறகு செக்யூரிட்டிக்குப் போன் போட்டார். பம்பு வைத்திருக்கும் யாரையும் தடுக்கக் கூடாது என்றார்.

அந்த வாரமே அம்மாவின் வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள் பம்பை வெளியே எடுத்தார்களாம். ஒருத்தி இத்தனை நாளும் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாளாம். "நாந்தான் சோத்துல வெச்சிக் கெடுத்துக்கினேன்," என்று அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

காண்ட்ராக்டர் அம்மாவை நிறுத்தவில்லை. முடியாதவங்களுக்கு லேசான வேலை என்று, காலிச் சாக்கு மடிக்க மாற்றிவிட்டார். தூசு குறைவு. கூலியும் குறைவு.

இப்போது பம்பு அம்மாவின் கழுத்தில், அடையாள அட்டையோடு தொங்குகிறது. எங்கள் காலை அதன் சத்தத்தில்தான் தொடங்குகிறது. அவர் இழுத்து அடக்கும்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அவர் விட்ட பிறகே விடுகிறேன். மூச்சு தானாக நடக்கும் காரியம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தோம்.

மருத்துவமனையில் எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பம்பைச் சோற்றுக்கு அடியிலிருந்து கழுத்துக்குக் கொண்டுவந்ததற்கு ஆனது, கூலியில் நாளொன்றுக்குக் குறைந்த நூற்று முப்பது. இருபத்தாறு நாள் வேலைக்கு, மாதம் மூவாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.