செபமாலையம்மாள் நிறுத்திய ஓலை

வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் செபமாலையம்மாளுக்குத் தெரியாமல் எதுவும் நடந்துவிட முடியாது. எவள் போனில் யாரோடு சிரிக்கிறாள், எவள் ஜீப்பின் முன்சீட்டில் ஏறினாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்தி நேரத்தில் ஜெபமாலையை முன்னின்று சொல்பவளும் அவளேதான். மாதாவை வாழ்த்திய அதே வாயால் அடுத்த நிமிஷம் அதே லயத்து ஷீனாவைப் பற்றி ஆரம்பிப்பாள். அந்தப் பேச்சால் ஷீனாவுக்கு வந்த சம்பந்தம் கலைந்தே போனது. செபமாலையம்மாள் அதற்காக வருந்தவில்லை, ஊருக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தாள்.

மரம் முறிந்து விழுந்து புருஷன் செத்தபோது மகள் ஷிஜி கைக்குழந்தை. ஒற்றை ஆளாக ஏலக்காய் எடுத்து அவளை வளர்த்தாள். ஷிஜி படித்து எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். சூரியநெல்லியிலிருந்து வினோ வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். கோயிலில் முதல் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார்கள். அப்படிப் போய்ச் சொன்ன ஆள் அந்தப் பங்குக் கோயிலில் அதுவரை ஒருவரும் இல்லை.

ஷிஜியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கழலை இருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். காசநோய்க் கட்டி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு, உடனே தொடங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கழலைக்குள் ஒரு வைரஸ் இருப்பதாகவும் சொன்னார்கள். விஷயம் தெரிந்தும் வினோ பின்வாங்கவில்லை.

திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தி டீ குடிக்கும்போது, கூட வந்த பக்கத்து லயத்து ஷைஜு அந்த வைரஸின் பெயரைப் போனில் போட்டுப் பார்த்தான். ஷிஜி வண்டியிலேயே கண்மூடிக் கிடந்தாள்.

"எச்சில்ல பரவுமாம் சித்தி. வெளிநாட்டுல இது குடுக்குற காய்ச்சலுக்கு முத்தக் காய்ச்சல்னே பேராம்" என்றான்.

அவன் சும்மா படித்ததுதான். செபமாலையம்மாள் மிச்ச டீயைக் கீழே கொட்டிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். "எவன்டி அவன்?"

"யாரும்மா?"

"எர்ணாகுளத்துல எவன்கிட்ட வாய வச்சு இத வாங்கிட்டு வந்த?"

ஷிஜி அழவில்லை. அம்மாவை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சுதான் பேசாது என்று செபமாலையம்மாள் முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் போனாள். "ரெண்டாவது ஓலைய வாசிக்காதீங்க சாமி. தடை இருக்கு. பெத்தவ நானே சொல்றேன்" என்றாள். சாமியார் விசாரித்துப் பார்க்கலாம் என்றார். அதோடு விட்டாளா? கோயில் வாசலில் நின்ற பெண்களிடம் காரணத்தையும் சொன்னாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள், இவள் மகள் தலையில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை. ஓலை கேட்க வந்திருந்த வினோ தலை குனிந்தபடி எழுந்து போனான்.

ஷிஜி ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாள். "நான் செத்துட்டா உன் மானம் உன்கிட்டயே இருக்கும்ல, அத வச்சுக்க" என்றாள். மருந்து ஏற்ற வேண்டிய நாள் தாண்டிப் போயிற்று.

அப்போதும் செபமாலையம்மாளுக்குப் புத்தி வரவில்லை. கிருமியைக் கொடுத்தவன் பெயர் தெரிந்தால் மகள் வழிக்கு வருவாள் என்று தனியாகக் கோட்டயம் கிளம்பிப் போனாள். அங்கே ஜானவி என்று ஒரு டாக்டர், பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். அவளிடம் போய், "யார்கிட்டயிருந்து ஒட்டுச்சுன்னு ரத்தத்துல தெரியும்லம்மா? அவன் பேரச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நன்னா கேட்டுக்கோங்கோ. நம்ம உடம்புல காவல் செல்னு உண்டு. கிருமி வந்தா பெருகும், போனா அடங்கிடும். இந்த வைரஸ் அந்தச் செல்லுக்குள்ளயே ஒளிஞ்சுண்டு ஒரு புரதம் உண்டாக்கறது. அது 'பெருகு, பெருகு'ன்னு ஓயாம கட்டளை போடறது. நெஜக் கட்டளை மாதிரியே இருக்கறதால செல்லும் நம்பிப் பெருகிண்டே போறது. அதாக்கும் இந்தக் கழலை."

"அது எப்படி வந்துச்சுன்னுதான் கேக்கறேன்."

"எனக்கும் உண்டு, உங்களுக்கும் இருக்கும். நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேருக்குக் கொழந்தையிலயே வந்துடும். அம்மா எச்சில் பட்டாப் போறும். சும்மா உள்ள கெடக்கும். யாரோ ஒருத்தருக்குத்தான் இப்படித் திரும்பறது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. இதுல யார் தப்பும் இல்ல."

செபமாலையம்மாளுக்குத் தன் வாய் ஞாபகம் வந்தது. ஏலக்காட்டில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, சோற்றை மென்று மென்று விரலால் அதன் வாயில் வைத்தது. பல் முளைக்காத வாய் அதை வாங்கிக்கொண்டு சிரித்தது. லயத்தில் எல்லாத் தாயும் செய்வதுதான். ஆனால் எந்தத் தாயும் அதற்காக கோயில் வாசலில் நின்று மகளை நடத்தை கெட்டவள் என்றதில்லை. நிலம் பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. டாக்டர் தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்காமலே எழுந்து பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடியும் முன் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றாள். "என் மக மேல நான் சொன்னது அபாண்டம். அந்த வியாதிக் கிருமி என்கிட்ட இருந்துகூட வந்திருக்கும். ஷீனா, ஒன்னப் பத்திச் சொன்னதும் அபாண்டந்தான்" என்றாள். ஷீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது செபமாலையம்மாளுக்கு வேண்டியதுதான்.

விஷயம் கேள்விப்பட்டு வினோ போய் அழைத்ததில் ஷிஜி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஜீப்பில் அம்மா பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வார்டு வாசலில் ஒரு நர்ஸ், கூட ஒருவர்தான் இருக்கலாம் என்று மறித்து, செபமாலையம்மாளைப் பார்த்து, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்றாள்.

அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல்லுக்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. "பக்கத்து வீடும்மா. கொண்டாந்து விட வந்தேன்" என்று சொல்லிவிட்டு, துணிப் பையைக் கீழே வைத்து நகர்ந்தாள்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த ஷிஜி அதைக் கேட்டாள்.

"பொய் சொல்லுது சிஸ்டர்" என்றாள். "என்னப் பெத்தது. உள்ள விடுங்க."