எழ விடாத பாசம்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல். ஓசூரிலேயே ஒரு மருத்துவமனையில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம்தான் சொன்னார்: "ஆபரேஷன் ஆனா ரத்தம் லேசுல உறையும்மா. படுத்தே கிடந்தா கால் ரத்தக்குழாய்ல கட்டியாயிடும். அது நெஞ்சுக்கு ஏறுனா இதயம் தாங்காது. தினமும் நடக்க வைங்க." நன்றாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அந்த நீளத் தையலைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோனது.

கம்பெனியில் அவரோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள் நாலு பேர். ஒருவர் மதுரை, ஒருவர் சேலம், கன்னடம் கலந்து பேசும், பக்கத்து ஊரான தளிக்காரர் ஒருவர், இன்னொருவர் பாய். மெஷினுக்கு ஆள் போடுவதுபோல என் வீட்டுக்காரருக்கும் ஷிப்ட் போட்டார்கள். காலையில், மதியம் வேலைக்குப் போகிற பி ஷிப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் வேலைக்குப் போனதும் காலை ஏ ஷிப்ட் முடித்தவர் வந்துவிடுவார். தண்ணீர் கைக்கு வரும், இட்லி வாய்க்கு வரும். லேசாக அசைந்தால் போதும், "படுங்கண்ணா, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று அமுக்கிவிடுவார்கள். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆறாம் நாள் லுங்கி மாற்றும்போது பார்க்கிறேன், இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து கிடக்கிறது. தொட்டால் கொதிக்கிறது.

"ஐயோ சாமி, எப்பலேர்ந்து இப்டி இருக்கு?"

"ரெண்டு நாளா வலி. நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கத்தினேன். டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த மனுஷன் இல்லாமல் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஷிப்டாவது ஒன்றாவது என்று நாலு பேரும் பைக்கில் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஸ்கேனில் கட்டி தெரிந்தது. நல்லவேளை, மேலே ஏறவில்லை. ஊசி போடச் சொல்லிவிட்டு டாக்டர் எங்களைப் பார்த்தார்.

"நடக்கச் சொல்லித்தானே அனுப்புனேன்? யாரு இவரைப் படுக்க வச்சது?"

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான். "எழுந்தீங்கன்னா தையல் பிரிஞ்சிடும்" என்று எல்லாரையும்விட அதிகமாக அதட்டியவள் நான்.

"யாரும் இல்ல சார்," என்றார் என் வீட்டுக்காரர். "எல்லாரும் நட, நடன்னுதான் உயிர வாங்குனாங்க. நான்தான் சோம்பேறி, கேக்கல."

டாக்டர் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். என்னால் போகவிருந்த உயிர், எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு படுத்திருந்தது.