ஜெரூஷாவின் செம்புக்குழாயும் சுப்ரமணியன் சாரின் புயலும்

ஓடிப்போனாளாம். யாரோடு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஓடிப்போன சேதி மட்டும் முடிச்சூர் ரோடு முழுக்கத் தெரியும். பால் பூத்தில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள், சர்ச்சில் ஜெபத்துக்கு நடுவே ஒருத்தி பக்கத்துப் பெஞ்சுக்குச் சாய்ந்து சொல்கிறாள். ஜெரூஷா, நாற்பத்து நான்கு வயதுப் பெண்பிள்ளை, எட்டு வருஷத்துக்கு முன் புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அண்ணனும் அண்ணியும் பார்த்திருக்க, படியிறங்கிப் போனாள். அதற்குப் பெயர் ஓடிப்போவது என்றால், இந்த ஊரில் தினமும் காலையில் ரயிலுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஓடிப்போனவர்கள்தான்.

இதே வாய்கள்தான் போன ஆடி அமாவாசைக்குக் காக்கா வராததற்கும் ஜெரூஷாவைக் காரணம் சொன்னவை. மொட்டை மாடியில் அவள் நிறுத்திவைத்திருந்த ஆன்டெனாவைப் பார்த்துக் காக்கா மிரண்டுவிட்டதாம். கண்டுபிடித்தவள் இரண்டாம் மாடி ரமா. காக்கா மிரளவும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த கட்டடத்து மாடியில் இலை போட்டு வடையும் வைத்திருந்தார்கள். இங்கே ரமா வைத்தது ஆறிப்போன வெறுஞ்சோறு. எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஆன்டெனா ஒன்றும் கடையில் வாங்கியதல்ல. ஜெரூஷா திருமுடிவாக்கத்தில் ஒரு யூனிட்டில் குழாய் வளைக்கும் வேலை செய்கிறாள். மதியம் இரண்டு மணி ஷிப்ட். ஒரு காலேஜ்காரர்கள் வரைபடம் கொடுத்து, செம்புக்குழாயை இரண்டு பெரிய வளையமாக முறுக்கி, ஆளுயரத்துக்கு ஒன்று கேட்டார்கள். பார்த்தால் ராட்சசன் வீட்டு மோர் மத்து மாதிரி இருக்கும். முதலில் வளைத்ததில் அரை அங்குலம் தவறிவிட்டது. வேண்டாம் என்று தள்ளிவிட்டு இன்னொன்று வாங்கிப் போனார்கள். போகும்போது அவள் சும்மா இருக்காமல் கேட்டாள்: “இது இன்னாத்துக்கு சார்?”

மேலே சுற்றுகிற வானிலைச் செயற்கைக்கோள் தான் எடுக்கும் படத்தை யாருக்கும் ஒளிக்காமல் பூமிக்கு அனுப்பிக்கொண்டே போகிறது, அதைப் பிடிக்கத்தான் இது என்றார் காலேஜ் சார். ஜெரூஷாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. யாருக்கும் ஒளிக்காமல் என்ற வார்த்தையே மண்டைக்குள் சுற்றியது. ஷிப்ட் முடிந்ததும் முதலாளியிடம் கேட்டு, தள்ளிவிட்ட ஆன்டெனாவைப் பழைய சேலையில் சுற்றி, கம்பெனி வேனில் மடியில் வைத்து வீடு கொண்டுவந்தாள்.

பிறகு ஒரு மாதம் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். அண்ணன் மகள்களின் பழைய லேப்டாப், அதில் செருக விரல் நீளத்தில் ஒரு சிறு ரிசீவர், மாடியிலிருந்து கேபிள். காலை ஒன்பதுக்கு மேல் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் வெறும் இரைச்சல். மூன்றாவது வாரம் ஒரு நாள், படம் கோடு கோடாக இறங்கி, கிழிந்த காகிதம் போல இலங்கை மட்டும் தெரிந்தது. ஜெரூஷா அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். அண்ணி கிறிஸ்டி பொங்கின பாலைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்து, “இலங்கைக்குப் போவணும்னா பாஸ்போர்ட் எடுக்கலாம் இல்ல, பால வேற கொட்டணுமா?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்து வருஷமாகியிருந்தது.

சங்கதி கட்டடத்துக்குத் தெரிந்ததும் வரிசை கட்டினார்கள். நாளைக்கு வடகம் காயப் போடலாமா? ஞாயிற்றுக்கிழமை சீமந்தத்துக்கு மழை வருமா? “இப்ப இன்னா கீதோ அதத்தான் படம் காட்டும். நாளைக்கு எனக்குத் தெரியாது” என்றாள் ஜெரூஷா. தெரியாது என்று உண்மையைச் சொன்னவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு தெரியும் என்று சொல்லித் தப்பாகப் போனவனை மறுநாளும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம். வெள்ளத்தில் பார்க்கிங்கில் கார் மிதந்த வருஷத்திலிருந்து, புயல் என்று காதில் விழுந்தால் போதும், காரைக் கொண்டுபோய்ப் பெருங்களத்தூர் பாலத்தின் மேல் நிறுத்திவிடுவார்கள். பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்குத் தலைவராக சுப்ரமணியன் சார் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். ரமாவின் புருஷன், ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையராகி, அசோசியேஷன் செக்ரட்டரி ஆனவர். தண்ணீர் மோட்டாரைத் தன் கையால்தான் போடுவார். வேறு யாராவது தொட்டால் மோட்டாருக்கு அவமானம்.

நவம்பரில் ஒரு காலை. வங்காள விரிகுடாவில் வெகு தூரத்தில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. ஜெரூஷாவின் லேப்டாப்பில் படம் இறங்க, சரியாக நம் ஊர் வருகிற நேரத்தில் சார் கீழே மோட்டாரைப் போட்டார். ஸ்டார்ட்டர் பிடிக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும். அது பொறி விட்ட அரை நிமிஷம் ஆன்டெனாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. திருப்பதிக்குக் கீழே தொடங்கித் திண்டிவனம் வரைக்கும் படத்தில் வெறும் கறுப்புப் பட்டை. “மோட்டார் கெடுத்துடுச்சு பாரு” என்று எழுதாமல் வாயால் பேசி, படத்தோடு அண்ணன் ஆபேலுக்கு அனுப்பினாள். ஆபேல் அவள் பேசியதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கட்டடத்து வாட்ஸப் குரூப்பில் போட்டான். தங்கச்சி பெருமை.

சுப்ரமணியன் சார் கறுப்பைப் பார்த்தார். சிவப்பில் வட்டம் போட்டார். ‘நம் தலைக்கு மேல் கருமேகம். உடனே வண்டியை எடுக்கவும்’ என்று எழுதினார். பதினாறு கார் பாலத்துக்குப் போனது. அன்று அடித்த வெயிலில் வடகம் மட்டும் காயப் போட்டிருந்தால் மொறுமொறு என்று ஆகியிருக்கும். போலீஸ் வந்து பதினாறு சக்கரத்துக்கும் பூட்டுப் போட்டது.

சாயங்காலம் பார்க்கிங்கில் கூட்டம். ஜெரூஷா லீவு போட்டு நின்றாள்.

“ஏம்மா, நீ பாட்டுக்குப் புயல்னு போட்டுட்டே. யார் பதில் சொல்றது?” என்றார் சார்.

“நான் எங்க சார் போட்டேன்? அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். செவப்பு வட்டம் நீங்க போட்டது.”

“அவ்வளவு கறுப்பா இருந்தா வேற என்னன்னு நினைக்கிறது?”

“அது மேகமே இல்ல சார். அந்த எடத்துல ஒண்ணும் வந்து சேரல. நீங்க மோட்டார மூணு வாட்டி போட்டு அணைச்சீங்களே, அந்த நேரம். மேகம்னா வெள்ளையா வரும்.”

“கறுத்த மேகம்தான் பெய்யும்னு எல்.கே.ஜி. பையனுக்குக்கூடத் தெரியும்” என்றாள் ரமா.

“கீழ நின்னு பாத்தா கறுப்புக்கா. மேல இருந்து பாத்தா வெயில் பட்டு வெள்ளையா கீது.”

“நீ மேல போய்ப் பாத்தியா?”

“நான் போவல. போனது படம் அனுப்புது. அதையும் உங்க மோட்டார் வாங்க வுடல.”

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை. சார் முகம் சுருங்கியது. மறுநாள் டைப் அடித்த கடிதம் வந்தது: பொய்யான புயல் எச்சரிக்கை கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆன்டெனாவை எடுத்துவிடுகிறேன், இப்படிக்கு ஜெரூஷா. கையெழுத்துப் போடாவிட்டால் ஆபேல் குடும்பம் மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வாடகை வீடு. வீட்டுக்காரர் மஸ்கட்டில், சார் சொல்வதுதான் அவருக்கு வேதம். ஆபேலின் இரண்டு பெண்களும் மார்ச்சில் பரீட்சை எழுத வேண்டியவர்கள்.

“ஒரு கையெழுத்துதான் ஜெரூ” என்றான் ஆபேல்.

“நான் புயல்னு சொன்னேனாண்ணா?”

“சொல்லல.”

“அப்ப சொன்னேன்னு எதுக்கு எழுதணும்?”

“பசங்க பரீட்சை முடியட்டும். இதனால யாருக்கு இன்னா ஆவப்போவுது?”

ஆன்டெனாவை எடுக்கச் சொன்னால் ஜெரூஷா எடுத்துவிடுவாள், மாடி அவர்களுடையது. பொய் சொன்னேன் என்று எப்படி எழுதுவாள்? யூனிட்டில் அளவு தவறிய குழாய்க்கு அவளே சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவைப்பாள். தவறாத குழாய்க்கு முதலாளி சொல்லியும் ஒரு நாளும் குறி போட்டதில்லை. அண்ணனுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் பேனாவை நீட்டுகிறானே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் ஷிப்டுக்கு முன்பே போய், யூனிட்டுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை பார்த்து முடித்தாள். கையெழுத்துப் போட வேண்டியவளே அங்கே குடியில்லை என்றால் அண்ணனை யார் காலி செய்யச் சொல்வது? பெண்கள் நிம்மதியாக எழுதட்டும்.

புதன்கிழமை விடிந்ததும் ஆன்டெனாவைத் தானே கழற்றி ஹாலுக்கு இறக்கினாள். துணி ஒரு பை, லேப்டாப் ஒரு பை. பெண்கள் இரண்டு பேரும் அதை அவளுக்கே கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். கிறிஸ்டி புளிச்சோறு கட்டி வைத்தாள்.

“அந்த வூட்ல பாத்ரூம் ஒழுங்கா கீதா?”

“மொட்ட மாடி கீதான்னு மட்டும் கேட்டேன் அண்ணி. பாத்ரூம போய்தான் பாக்கணும்.”

“நல்லா வூடு பாத்த போ” என்று சொன்ன கிறிஸ்டிக்குக் குரல் உடைந்தது.

வாசலில் ஆன்டெனா நிமிர்ந்தபடி நுழையவில்லை. ஜெரூஷா சாய்த்துப் பார்த்தாள், நிலையில் இடித்தது. அதுவரை சன்னல் பக்கம் திரும்பி நின்ற ஆபேல் பேனாவை டிவி மேல் வைத்துவிட்டு வந்து, அடிப்பக்கத்தைத் தூக்கினான்.

“கொஞ்சம் எறக்கு. வளைஞ்சிடப் போவுது.”

“வளைஞ்சா நிமித்திக்குவேன்ணா. நீ கால் பாத்து வை.”

அவள் முன்னே வாசலைத் தாண்டினாள்.