மூடியில் இட்ட திருநீறு

ரத்தினம்மாவை பஃபலோ ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் என்றால், "ஊசி போடுவியா?" என்பார்கள். இல்லை என்றதும் பாதி மரியாதை போய்விடும். செத்துப்போன ஒருவரின் மூளைக் கட்டியிலிருந்து எடுத்த செல்களைப் போத்தலில் வளர்க்கிறேன் என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அப்புறம் பெண் பார்க்க யார் படியேறுவார்கள்?

அது 1962. கட்டி, அஸ்மத் என்ற மீனவருடையது. அறுவை முடிந்த பத்தாம் நாள் அவர் இறந்துபோனார். அவருடைய செல்களோ ஆறு போத்தல்களில் ஏழு வாரமாக உயிரோடு இருந்தன. அதற்கு முன் முயன்றவை எவையும் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மூளைப் புற்று எப்படிப் பெருகுகிறது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டர் பாலகிருஷ்ணனுக்குக் கிடைத்த ஒரே பிடி அவைதான். ஒரு வார வேலையாகக் கோலாலம்பூர் கிளம்பியபோது போத்தல்களை உடல்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் சாவியை அவளிடம் கொடுத்தார்.

"இது போச்சுன்னா மறுபடி கிடைக்காது, ரத்தினம்மா. அந்த மனுஷன் திரும்பி வரமாட்டார்."

இதைச் சொல்லாமலாவது போயிருக்கலாம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் நுண்ணோக்கியில் செல்கள் கொஞ்சம் சுருங்கினாற்போல் தெரிந்தன. நிஜமாகவே சுருங்கினவா, பயந்த கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா, கேட்க ஆள் இல்லை. மறுநாள் ஆயுத பூஜை. ஆய்வுக்கூடச் சிப்பந்தி கோவிந்தசாமி, வருஷா வருஷம் போல, கத்தரி, தராசு, நுண்ணோக்கி என்று ஒன்று விடாமல் சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். இன்குபேட்டர் பக்கம் வந்ததும் ரத்தினம்மா குறுக்கே நின்றாள்.

"அண்ணே, இது மட்டும் வேணாம். தூசி உள்ள போனா கெட்டுடும்."

"சாமி உனக்குத் தூசியா?" என்று முறைத்தாலும் அவர் விலகிப் போனார்.

அவரைத் தடுத்தவள் தானும் சும்மா இருந்திருக்க வேண்டும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், கைப்பையிலிருந்து காளியம்மன் கோயில் திருநீற்றை எடுத்தாள். கதவைத் திறந்து, கீழ்த்தட்டில் இருந்த நான்கு போத்தல்களின் மூடிகளிலும் ஆளுக்கொரு கீற்று இட்டாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு இடுவதுபோல. அதற்குள் நடையில் காலடிச் சத்தம் கேட்டது. மேல்தட்டின் இரண்டுக்கும் இடாமலே கதவைச் சாத்தினாள்.

மறுநாள் முறைப்படி ஆறு மூடிகளையும் திறந்து ஊட்டத் திரவத்தை மாற்றினாள். அடுத்த இரண்டு நாளில், திருநீறு இட்ட கீழ்த்தட்டு நான்கும் கலங்கின. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகி, அதில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை மிதந்தது.

டாக்டர் வந்தார். போத்தல்களைப் பார்த்தார். பிறகு நுண்ணோக்கியில் காய்ந்திருந்த சந்தனப்பொட்டைப் பார்த்தார்.

"கோவிந்தசாமி வேலையா?"

கோவிந்தசாமி வாசலில்தான் நின்றிருந்தார். போன வருஷமே பூஜையில் ஒரு சாமானைக் கெடுத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். ரத்தினம்மா ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அந்த ஆசை அவளுக்கு வரத்தான் செய்தது.

"இல்ல டாக்டர். அண்ணன் இதத் தொடவே இல்ல. நான்தான் மூடி மேல திருநீறு வெச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"செத்துடுமோன்னு பயந்துட்டேன் டாக்டர்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. கலங்கிய போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்.

"மேல இருக்கிற ரெண்டு?"

"அதுக்கு வெக்கல."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டும் தெளிவாக இருந்தன.

"இன்னிக்கு இதுக்குத் திரவம் மாத்தணும். நீயே மாத்து."

அவள் குழாயடிக்குப் போனாள். விதிப்படி முழங்கைவரை சோப்புப் போட்டாள். எதிரே கண்ணாடியில், காலையில் இட்ட திருநீறு. அப்பா செத்த அன்றுகூட அவள் நெற்றி வெறுமையாக இருந்ததில்லை. இரண்டு கை தண்ணீர் எடுத்து அதை அழுத்தித் தேய்த்துக் கழுவினாள். துடைத்த பிறகு கையை மறுபடி முதலிலிருந்து கழுவினாள்.

கோவிந்தசாமி அவள் நெற்றியைப் பார்த்தார். அவள் கை எதிலும் படாதபடி கதவைத் திறந்து பிடித்தார்.